மீனை விழுங்கியவர் யார், விழா எடுப்பவர் யார்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஃபிரேசர் ஆற்றுப் படுகையின் ஊர்கள் வழியாக 2015ஆம் ஆண்டில் ஒரு பயணம் புறப்பட்டது. 'இயற்கைச் சால்மன் பயணம்' என்பது அதன் பெயர். செக்வெப்பெம்க் பூர்வகுடியைச் சேர்ந்த டான் மாரிசன் முன்னின்று நடத்திவரும் பூர்வகுடி உணவு இறையாண்மைச் செயற்குழு அதனைத் தொடங்கியது. மீன் வேடம் பூண்டோர், தோற்கருவி முழக்குவோர், பாடுவோர், முதியோர், குழந்தைகள் என மக்கள் ஊர்தோறும் திரண்டு, ஆற்றுக்கு வணக்கம் செலுத்தி, கூடி உண்டு, அடுத்த ஊரை நோக்கி நகர்கின்றனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்கரையில் சால்மன் மீனின் தாயகம் திரும்புதலைக் கொண்டாடும் விழா நடைபெறுகிறது. கலிபோர்னியாவின் வட கோடியில், கிளமத் ஆறு கடலில் கலக்குமிடத்தில், யூரோக் மக்கள் ஆண்டுதோறும் சால்மன் விழா எடுக்கின்றனர்.

பெருமுதலாளிகளின் நாளேடுகள் இவ்விழாக்களை வண்ணப் படங்களாகப் பண்பாட்டுப் பக்கத்தில் வெளியிட்டு, அதே நாளின் வணிகப் பக்கத்தில் அணை, சுரங்கம், மீன் பண்ணை ஆகியவற்றின் பங்கு விலையை அச்சிடுகின்றன. சுற்றுலாத் துறையினருக்கு இவை ஒரு காட்சி. இடதுசாரி வட்டாரங்களிலும்கூட, "மீனுக்கு விழா எடுப்பதில் வர்க்கப் போராட்டம் எங்கே இருக்கிறது? இதுவும் அடையாள அரசியலின் இன்னொரு வடிவம்தானே?" என்று கேட்போர் உண்டு. முதலாளித்துவ நாளேட்டின் புகழ்ச்சியும் இந்தத் தோழர்களின் ஐயமும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே பிழையின் மேல் நிற்கின்றன. இரண்டுமே விழாவை உற்பத்தியிலிருந்து அறுத்தெடுத்துப் பார்க்கின்றன. அந்த அறுவையை முதன்முதலில் செய்தது யார், எதற்காகச் செய்தது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

விழாவே சட்டமாக இருந்த காலம்

மும்பைச் சந்தையில் 'இந்திய சால்மன்' என்ற பெயரில் விற்கப்படும் ராவஸ் மீனுக்கும் பசிபிக் சால்மனுக்கும் உறவில்லை. பசிபிக் சால்மன் மலையோடையில் முட்டையிலிருந்து வெளிவந்து, ஆற்றின் வழியே கடலுக்குச் சென்று, சில ஆண்டுகள் அங்கு வளர்ந்து, தான் பிறந்த அதே ஓடையைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் அடித்துத் திரும்புகிறது. முட்டையிட்டபின் இறந்துவிடுகிறது. அதன் உடலைக் கரடியும் கழுகும் உண்கின்றன. கரையோரக் காட்டு மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜன் இருப்பதை அறிவியலாளர் கண்டறிந்துள்ளனர். ஆற்றின் வாயில் ஒருவர் வலையை முழுவதுமாக விரித்துவிட்டால் மேற்படுகையில் வாழும் அனைவரும் பட்டினி கிடக்க நேரிடும். எனவே இம்மீனை நம்பி வாழ்ந்த சமூகங்கள் ஒன்றோடொன்று கணக்குப் பார்த்துத்தான் வாழ முடிந்தது.

முதல் சால்மன் சடங்கு என்று அறியப்படும் வழக்கம் இக்கணக்கின் வடிவமே. பருவத்தின் முதல் மீனை விருந்தினராக வரவேற்று, ஊரார் அனைவரும் அதில் ஒரு துண்டேனும் பகிர்ந்துண்டு, எலும்பை மீண்டும் நீரிலேயே சேர்ப்பது பல பூர்வகுடிகளுக்குப் பொதுவான மரபு. சடங்கு முடியும்வரை எவரும் வலை வீசுவதில்லை. அந்த இடைவெளியில் முதல் மீன்கூட்டம் மேலே ஏறிச் சென்றுவிடுகிறது. கிளமத் ஆற்றில் கெப்பல் என்னுமிடத்தில் யூரோக் மக்கள் ஊர்கூடி ஆற்றின் குறுக்கே மரக்கழிகளால் மீன் தடுப்பு எழுப்பினர். பத்து நாள் மீன் பிடித்தபின் அதைத் தாமே பிரித்தெறிந்தனர். மேற்கரையில் வாழும் கரூக், ஹூபா மக்களுக்கும், அடுத்த தலைமுறை மீனுக்கும் உரிய பங்கு அவ்வாறு சென்று சேர்ந்தது. ஆடலும் பாடலும் சடங்கும் அந்தப் பங்கீட்டுச் சட்டத்தை எழுத்தில்லாமல் மனத்தில் பதியச் செய்தன. நாட்காட்டியும், உழைப்புப் பிரிவினையும், நீர்ப் பங்கீட்டு உடன்படிக்கையும் ஒன்றாக இயங்கிய இடத்துக்கு விழா என்று பெயர்.

முகமூடிக்கு விலங்கு

இந்த உண்மையை இன்றைய ஐயவாதிகளைவிட அன்றைய காலனி ஆட்சியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பசிபிக் கரையோரப் பூர்வகுடிகளிடையே பொட்லாட்ச் என்னும் பெருவிழா நடைபெற்றது. பெயர் சூட்டல், மணம், நீத்தார் நினைவு ஆகியவற்றை ஒட்டி முகமூடி நடனங்கள் நிகழும்; விழா எடுப்பவர் தாம் சேர்த்த செல்வத்தை வந்தோர்க்கெல்லாம் வாரி வழங்குவார். கொடுப்பவருக்கே மதிப்பு. மீன்பிடி உரிமை எந்தக் குடிக்கு எந்த ஓடையில் என்பதும் சாட்சிகள் முன்னிலையில் அங்குதான் அறிவிக்கப்பட்டது. சேர்த்து வைப்பதைவிடப் பகிர்வதை உயர்வாகக் கருதும் ஒரு சமூகத்தில் தனியுடைமை வேரூன்றாது என்பதை அதிகாரிகளும் பாதிரியார்களும் அறிந்தனர். 1884ஆம் ஆண்டு 'இந்தியர் சட்டம்' திருத்தப்பட்டுப் பொட்லாட்ச் தடை செய்யப்பட்டது. 1951ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது.

1921ஆம் ஆண்டு இறுதியில் குவாக்குவக்கவக் மக்கள் ஒரு தீவில் பொட்லாட்ச் நடத்தியபோது 45 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நடனமாடியது, உரையாற்றியது, பரிசு வழங்கியது ஆகியவையே குற்றங்கள். முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் ஒப்படைத்த ஊரார்க்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மறுத்தோர் சிறை சென்றனர். பறிக்கப்பட்ட பொருள்கள் ஒட்டாவா, டொரண்டோ அருங்காட்சியகங்களுக்கும் நியூயார்க்கின் தனியார் சேகரிப்புக்கும் போயின. நீண்ட போராட்டத்துக்குப் பின் அவற்றில் பல மீட்கப்பட்டு, 1980ஆம் ஆண்டு அலர்ட் பே என்ற ஊரில் திறக்கப்பட்ட உமிஸ்தா பண்பாட்டு மையத்தில் வைக்கப்பட்டன.

கலைக்கு விலங்கிட்ட அதே கை வலைக்கும் விலங்கிட்டது. 1888ஆம் ஆண்டு மீன்பிடி விதிகள், பூர்வகுடியினர் உணவுக்காக மீன் பிடிக்கலாம், விற்கலாகாது என்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பண்டமாற்றிலும் வணிகத்திலும் ஈடுபட்டுவந்த மக்கள் ஒரே கையெழுத்தில் சந்தையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பேபின் ஏரிப் பகுதி மக்களின் மீன் தடுப்புகள், ஆலை முதலாளிகளின் முறையீட்டை ஏற்று அகற்றப்பட்டு, 1906ஆம் ஆண்டு ஓர் உடன்பாடு திணிக்கப்பட்டது. மீனை அழிப்பவர்கள் பூர்வகுடியினர்தாம் என்பது அன்றைய அரசின் வாதம். அப்போது ஆற்றின் வாயில் ஆலைகள் இலட்சக்கணக்கான மீன்களை டின்களில் அடைத்துக்கொண்டிருந்தன. 1913-14ஆம் ஆண்டுகளில் ஃபிரேசர் ஆற்றின் ஹெல்ஸ் கேட் பள்ளத்தாக்கில் இருப்புப் பாதை அமைத்த நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்த பாறைகள் ஆற்றில் சரிந்து மீனின் வழியை அடைத்தன. பூர்வகுடி மக்கள் கூடைகளில் மீனை அள்ளிச் சென்று மேலே விட்டனர். அடுத்த பத்தாண்டுகளில் மீன்பிடிக் கட்டுப்பாடுகள் யார் மேல் இறுகின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆலைக்குள் இன்னொரு வரலாறு

இந்த வரலாற்றைப் 'பூர்வகுடியினர் எதிர் வெள்ளையர்' என்று மட்டும் படிப்போர் பாதியையே படிக்கின்றனர். டின்மீன் ஆலைகளில் மீனைக் கழுவி அடைத்தவர்கள் பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள். மீனை வெட்டியவர்கள் ஒப்பந்த முறையில் அழைத்து வரப்பட்ட சீனத் தொழிலாளர்கள். படகில் சென்றவர்கள் பூர்வகுடியினரும் ஜப்பானியரும் வெள்ளையருமாவர். மூன்று மொழி, மூன்று கூலி, மூன்று குடியிருப்பு என முதலாளிகள் வகுத்து வைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வெட்டும் எந்திரம் வந்தபோது, எந்தச் சீனத் தொழிலாளரின் வேலையைப் பறித்ததோ அவரை இழிவுபடுத்தும் சொல்லையே அந்த எந்திரத்துக்குப் பெயராகச் சூட்டி விற்றனர்.

1900ஆம் ஆண்டு ஜூலையில் ஃபிரேசர் ஆற்று மீனவர்கள் ஒரு மீனுக்கு 25 சென்ட் விலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பூர்வகுடி மீனவர்களும் அதில் நின்றனர். முதலாளிகள் ஜப்பானிய மீனவர்களைத் தனி உடன்பாட்டால் பிரித்தனர். ஸ்டீவ்ஸ்டன் துறைக்குப் படை வரவழைக்கப்பட்டது. பிரித்தாளும் கலையில் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் பெற்ற பயிற்சி பசிபிக் கரையிலும் பயன்பட்டது எனலாம். இந்தப் பிரிவினையைக் கடந்து 1945ஆம் ஆண்டு கம்யூனிஸ்டுகளின் தலைமையில் ஐக்கிய மீனவர் மற்றும் சார்புத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதற்கு முன்பே, 1931ஆம் ஆண்டு, பூர்வகுடி மீனவர்கள் தமக்கெனப் 'பூர்வகுடி சகோதரத்துவம்' என்ற அமைப்பைக் கட்டியிருந்தனர். இரு அமைப்புகளும் சில வேளை இணைந்தும் சில வேளை விலகியும் சென்றன. நில உரிமையையும் விழா உரிமையையும் தொழிற்சங்கக் கோரிக்கையோடு முழுமையாக இணைக்க இயலாமற்போன இடத்திலெல்லாம் முதலாளிகளுக்கே ஆதாயம் கிட்டியது.

பத்து மீன் விற்றால் குற்றம்

தடைச் சட்டம் நீங்கியபின் ஆளும் வர்க்கம் வேறு வழியைக் கைக்கொண்டது. மஸ்குவீம் பூர்வகுடியைச் சேர்ந்த ரொனால்டு ஸ்பாரோ, அனுமதிக்கப்பட்டதைவிட நீண்ட வலையை வீசியதாக 1984இல் குற்றஞ்சாட்டப்பட்டார். அவரது வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு, உணவுக்கும் சமூகத் தேவைக்கும் சடங்குக்கும் மீன் பிடிக்கும் உரிமை பூர்வகுடியினர்க்கு உண்டென்று ஒப்புக்கொண்டது. அது போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் ஆறே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் அந்த உரிமையின் எல்லையையும் காட்டியது. ஸ்டோலோ மக்களைச் சேர்ந்த டோரத்தி வான் டெர் பீட் பத்து சால்மன் மீன்களை ஐம்பது டாலருக்கு விற்றார். காலனியர் வருவதற்கு முன் மீனை விற்பது அம்மக்களின் தனித்துவப் பண்பாட்டின் உள்ளார்ந்த கூறாக இருந்ததில்லை என்று கூறி, 1996ஆம் ஆண்டு நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை உறுதி செய்தது.

இத்தீர்ப்பின் உட்பொருளைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒருவர் மீனுக்குப் பாட்டுப் பாடலாம், நடனமாடலாம், சடங்கு செய்யலாம். பத்து மீனை விற்று வயிறு வளர்க்கக்கூடாது. பண்பாடு உங்களுக்கு, பொருளாதாரம் எங்களுக்கு என்பதே இதன் பொருள். 1884இல் விழாவைத் தடை செய்தவர்கள் அதற்குள் பொருளாதாரம் இருப்பதை அறிந்து தடை செய்தனர். நூறாண்டுக்குப் பின் விழாவை அனுமதித்தவர்கள் அதற்குள்ளிருந்த பொருளாதாரத்தை உருவியெடுத்துவிட்டு அனுமதித்தனர். அப்படி உருவப்பட்ட கூட்டைக் கண்டு 'இதில் வர்க்கம் எங்கே?' என்று கேட்கும் தோழர், தம்மை அறியாமலே நீதிமன்றத்தின் வாதத்தை வழிமொழிகிறார்.

எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் போராட்டம் வேறு முறையில் நடந்தது. 1854-55ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் வாஷிங்டன் பகுதிப் பூர்வகுடிகள் பெருநிலப்பரப்பை இழந்து, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் தக்கவைத்துக்கொண்டனர். மாநில அரசு அதையும் மறுத்தது. நிஸ்குவாலி மீனவரான பில்லி ஃபிராங்க் முதன்முதலில் கைதானபோது அவருக்கு வயது 14. பின்னர் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1960களில் அவரும் தோழர்களும் தடையை மீறி வலை வீசும் அறப்போரை நடத்தினர். பெண்களும் குழந்தைகளும் ஆற்றங்கரையில் காவல்துறையின் தடியடியையும் கண்ணீர்ப்புகையையும் எதிர்கொண்டனர். 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பூர்வகுடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். வெள்ளையினச் சிறு மீனவர்கள் அதைத் தங்கள் வாயிலிருந்து பிடுங்கிய கவளமாக எண்ணிக் கொதித்தெழுந்தனர். மீனின் வழியை மறித்த அணைகளையும், ஓடையை மண்மேடாக்கிய மரம் வெட்டும் நிறுவனங்களையும் எதிர்க்க வேண்டிய சினம் அடுத்த படகின் மீது திரும்பியது. அத்தீர்ப்பு வந்த அதே 1970களில் துலாலிப் மக்கள் கைவிடப்பட்டிருந்த முதல் சால்மன் சடங்கை மீட்டெடுத்தனர். வலையுரிமையும் விழாவும் சேர்ந்தே திரும்பின என்பது தற்செயல் நிகழ்ச்சியன்று.

ஒரே ஆற்றில் இரு வகை அணைகள்

கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை கட்டப்பட்டபோது மீன் ஏறிச்செல்ல வழியேதும் வைக்கப்படவில்லை. கெட்டில் அருவி மூழ்கப் போவதை அறிந்த பூர்வகுடி மக்கள் 1940ஆம் ஆண்டு அங்கே கூடிக் 'கண்ணீர்ச் சடங்கு' நடத்தினர். 1957 மார்ச் 10 அன்று தி டேல்ஸ் அணையின் மதகுகள் மூடப்பட்டு, சில மணி நேரத்தில் செலிலோ அருவி நீரில் அமிழ்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பல மொழியினர் கூடி மீன் பிடித்து வணிகம் செய்த இடம் அது. வளர்ச்சி என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை அதுவே.

கிளமத் ஆற்றின் கதை இதன் மறுபக்கம். கெப்பலில் பத்து நாளில் பிரிக்கப்பட்ட மக்கள் தடுப்பு இருந்த அதே ஆற்றில், 1918க்கும் 1962க்கும் இடையே நான்கு மின் அணைகள் எழுந்தன. அவை பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டப்பட்டவை அல்ல, மின்சாரத்துக்கு மட்டுமே. அந்த மின்சாரமும் பசிபிகார்ப் நிறுவனத்தின் மொத்த உற்பத்தியில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழிகள் சால்மனுக்கு மூடப்பட்டன. 2002 செப்டம்பரில், மேற்படுகை நீர் பெருமளவு பாசனத்துக்குத் திருப்பப்பட்டிருந்த வறட்சிக் காலத்தில், வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் நோய் பரவி, குறைந்தது 34,000 சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. கரைகளில் நாற்றம் பல நாள் அடங்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் யூரோக் மக்களின் சால்மன் விழாவில் பரிமாற ஆற்றுச் சால்மனே இல்லாத நிலையும் ஏற்பட்டது. மீனில்லாத மீன் விழா! எந்தத் துண்டறிக்கையும் சொல்ல முடியாததை அந்த வெற்றுத் தட்டு சொல்லிற்று.

அம்மக்கள் அழுது அமைதியடையவில்லை. அணைகளின் அன்றைய உரிமையாளரான ஸ்காட்டிஷ் பவர் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்கு 2004ஆம் ஆண்டு எடின்பரோ வரை சென்று, கடல் கடந்து வந்த இலாபத்தின் ஊற்று எது என்று காட்டினர். நிறுவனம் வாரன் பஃபெட்டின் குழுமத்துக்கு விற்கப்பட்டபின், 2008இல் ஒமாஹாவில் நடந்த அவரது பங்குதாரர் கூட்டத்திலும் போய் நின்றனர். முழவும் பாட்டும் சடங்கு உடையும் அவர்களோடு சென்றன. பள்ளி மாணவர்கள் சால்மனின் பாதையைப் பின்பற்றி ஆற்றோரமாகத் தொடரோட்டம் ஓடினர். மீனவர் அமைப்புகளும் சூழல் அமைப்புகளும் உடன் சேர்ந்தன. இருபதாண்டுப் போராட்டத்தின் முடிவில், 2024ஆம் ஆண்டு நான்கு அணைகளும் அகற்றப்பட்டு முடிந்தன. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத சின்னூக் சால்மன் ஆரிகன் மாநிலத்து மேற்படுகை ஓடையை வந்தடைந்தது. 2025 ஜூலையில் பூர்வகுடி இளைஞர்கள் ஆற்றின் தோற்றுவாயிலிருந்து கடல் வரை படகு செலுத்தி வந்து சேர்ந்தனர்.

இவ்வெற்றியைப் பாடும்போது இதன் கணக்கையும் பார்க்க வேண்டும். அணைகளை அகற்ற ஒதுக்கப்பட்ட 45 கோடி டாலரில் 20 கோடி மின் நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும், 25 கோடி கலிபோர்னியா மாநிலப் பொதுப் பத்திரத்திலிருந்தும் வந்தது. மீன் ஏணி கட்டி உரிமத்தைப் புதுப்பிப்பதைவிட இடிப்பதே மலிவு என்று ஆனபின்தான் நிறுவனம் இணங்கியது. இலாபம் தனியாருக்கு, இடிப்புக் கூலி மக்களுக்கு. முதலாளித்துவம் தன் குப்பையை ஒருபோதும் தானே கூட்டுவதில்லை. பெற்ற வெற்றியும் நிலையானதன்று. கீழ் ஸ்நேக் ஆற்றின் நான்கு அணைகள் குறித்து 2023 டிசம்பரில் நான்கு பூர்வகுடி அரசுகளோடும் இரு மாநிலங்களோடும் செய்துகொண்ட உடன்பாட்டை 2025 ஜூனில் டிரம்ப் ஒரே ஆணையில் கைவிட்டார்.

கூண்டுக்குள் மூலதனம்

ஆற்றில் மீன் குறைந்ததை மூலதனம் இழப்பாகக் கருதவில்லை. புதிய சந்தையாகக் கண்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கழிகளில் வலைக்கூண்டுகள் இறக்கி அட்லாண்டிக் சால்மன் வளர்க்கும் தொழிலில் மோவி, செர்மாக், கிரீக் ஆகிய மூன்று நிறுவனங்களே நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தி வந்தன. மூன்றும் நார்வேயில் வேர்கொண்டவை. செர்மாக்கின் உரிமை ஜப்பானின் மிட்சுபிஷியிடம் உள்ளது. கூண்டுகளில் பெருகும் கடற்பேனும் நோய்க்கிருமியும் அவ்வழியே கடலுக்குச் செல்லும் சால்மன் குஞ்சுகளைத் தாக்குகின்றன. வளர்ப்பு மீனின் தீவனத்துக்குத் தேவையான மீன்தூளும் எண்ணெயும் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர ஏழைகளின் உணவான சிறு மீன்களிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. ஒரு கரையின் பூர்வகுடியும் மறு கரையின் ஏழை மீனவரும் ஒரே தட்டுக்காகச் சுரண்டப்படுகின்றனர்.

2009ஆம் ஆண்டு ஃபிரேசர் ஆற்றுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாக்கை சால்மன் வரும் என எதிர்பார்க்கப்பட்ட நிலையில், ஏறத்தாழ 15 இலட்சமே வந்தது. நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையிலான ஆணையம் விசாரித்து 2012இல் அறிக்கை அளித்தது. ஒரே காரணத்தை அது சுட்டவில்லை. அடுத்த ஆண்டே மீன் பெருகி வந்ததையும் நிறுவனங்களின் வழக்குரைஞர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. எனினும் ஆணையம் ஒன்றைத் திட்டவட்டமாகக் கூறியது: மீன்வளத் துறையின் பொறுப்பிலிருந்து மீன் பண்ணைத் தொழிலை ஊக்குவிக்கும் பணியை நீக்க வேண்டும். இயற்கைச் சால்மனைக் காக்க வேண்டிய துறையே அதன் பகைக்கு முகவராக இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2017ஆம் ஆண்டு நம்கீஸ் முதலான குடிகளைச் சேர்ந்தோர் மீன் பண்ணைகளைக் கைப்பற்றிப் பல மாதங்கள் அங்கேயே தங்கிப் போராடினர். நிறுவனம் நீதிமன்றத் தடையாணையுடன் வந்தது. 2018 இறுதியில் அப்பகுதியின் 17 பண்ணைகள் குறித்து உடன்பாடு ஏற்பட்டது. திறந்த வலைக்கூண்டுகள் 2029 ஜூன் 30க்குள் முடிவுக்கு வரும் என 2024இல் கனடா அரசு அறிவித்தது. தேதி குறித்தாயிற்று, நிறைவேறுமா என்பதை அமைச்சரவையின் நல்லெண்ணம் தீர்மானிக்கப் போவதில்லை.

இங்கே ஓர் இடறலையும் மறைக்கலாகாது. சில பூர்வகுடிகள் இந்நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து, பண்ணை வேலையும் வருவாயும் தங்களுக்குத் தேவை என்று தடையை எதிர்க்கின்றன. இதை எடுத்துக்காட்டி, "பூர்வகுடியினரே இரண்டுபட்டிருக்கும்போது எவர் பக்கம் நிற்பது?" என நிறுவனங்கள் கேட்கின்றன. ஆற்றை அழித்து, விற்பனையைத் தடை செய்து, நூறாண்டு வேலையின்மையை உருவாக்கிவிட்டு, பின்னர் அதே மக்களிடம் கூண்டு வேலையை நீட்டி, "இதோ அவர்களின் சம்மதம்" என்று காட்டுவது பழைய தந்திரம். குழியில் தள்ளியவன் ஏணிக்கு வாடகை கேட்பதற்கு ஒப்பானது அது. மாற்று வேலையை அரசு உறுதிசெய்யாமல் தடை மட்டும் விதித்தால், அந்தக் குடும்பங்கள் மீண்டும் நிறுவனத்தின் கையில்தான் விழும். பண்ணைத் தொழிலாளியின் வேலைக்கும் இயற்கைச் சால்மனின் வழிக்கும் ஒருசேரப் போராடுவதே இடதுசாரிகளின் நிலைப்பாடாக இருக்க முடியும்.

இந்தியக் கடற்கரைக்கு இக்கதை புதிதன்று. நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உவர்ப்பாக்கியதை எதிர்த்து ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அத்தகைய பண்ணைகள் கூடாதென 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றி நாடாளுமன்றமே பண்ணைகளுக்குப் பாதுகாப்பு வழங்கியது. நார்வே மூலதனமாயினும் உள்நாட்டு மூலதனமாயினும் நீரைக் கையகப்படுத்தும் வழி ஒன்றே.

இரு பிழைகளும் ஒரு பாடமும்

சால்மன் விழாக்களைப் புரிந்துகொள்வதில் இரு பிழைகள் நேர்கின்றன. பூர்வகுடி மக்கள் இயற்கையோடு இயைந்த தூய உள்ளத்தினர், அவர்களுடைய ஞானத்தை வணங்கினால் போதும் என்பது முதலாவது. நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு இது மிகவும் உவப்பானது. ஏனெனில் வணங்குவதற்குச் செலவில்லை. கனடாவில் இன்று அரசுக் கூட்டங்களும் பல்கலைக்கழக விழாக்களும், "இது இன்ன பூர்வகுடியின் மண்" என்ற அறிவிப்போடு தொடங்குகின்றன. மண்ணைத் திருப்பித் தருவது பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இருப்பதில்லை. பூர்வகுடி உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனத்தை 2007இல் எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழும் காட்சி இது.

இரண்டாவது பிழை, இவ்விழாக்களைப் 'பண்பாடு' என்று முத்திரை குத்தி, தொழிற்சாலை வாயிலில் மட்டுமே வர்க்கப் போராட்டம் நடப்பதாக எண்ணுவது. மார்க்ஸ் தமது இளமையில், 1842ஆம் ஆண்டு, ரைன் மாகாண ஏழைகள் காட்டில் சுள்ளி பொறுக்கும் வழக்காற்று உரிமையைத் திருட்டாக்கிய சட்டத்தை எதிர்த்து எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளை நோக்கி அவரைத் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்று. 'மூலதனம்' முதல் பாகத்தில் உழைப்பு நிகழ்முறையை விளக்கும்போது, இன்னும் பிடிபடாத மீனையும் மீன்பிடித் தொழிலின் உற்பத்திச் சாதனமாகக் கருத வேண்டும் என அடிக்குறிப்பொன்றில் சுட்டினார். இதன்படி, ஓடையில் முட்டையிடும் சால்மன் ஓர் உற்பத்திச் சாதனம். அதன் வழியை மறிப்பவர் உழைப்பாளியிடமிருந்து அவரது உற்பத்திச் சாதனத்தைப் பறிக்கிறார். அந்த வழியைத் திறக்கக் கூடுவோர் பறிக்கப்பட்டதை மீட்கக் கூடுகின்றனர். அவர்கள் மீன் வேடமிட்டுக் கூடினாலும் செங்கொடி ஏந்திக் கூடினாலும் போராட்டத்தின் பொருள் மாறிவிடாது.

ஒடிசாவில் நியமகிரி மலையை வேதாந்தா நிறுவனத்துக்கு விட மறுத்த டோங்கிரியா கோந்து மக்களுக்கு அம்மலை தெய்வம். 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. தெய்வத்தின் பெயரால் பேசியபோதே நீர், நிலம், வாழ்வாதாரம் ஆகியவற்றின் பெயரால்தான் அவர்கள் பேசினர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் என்னும் கருவி கையிலிருந்ததால் அந்த வழிபாடு சட்ட வலிமை பெற்றது. அச்சட்டத்தைப் பெறுவதற்கு இடதுசாரிகள் நாடாளுமன்றத்துக்கு உள்ளும் வெளியும் போராடியிருந்தனர். பழங்குடியினரின் விழாவைத் தங்கள் மதக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, அவர்களது காட்டைச் சுரங்க முதலாளியின் கணக்கில் எழுதும் வேலையைச் சங்கப் பரிவாரம் நாள்தோறும் செய்துவருகிறது. விழாவைக் கொச்சைப்படுத்தி விலகி நின்றால் அந்தக் களம் அவர்களுக்கே விடப்படும்.

எனவே பழங்குடி மக்கள் திரளும் விழாக்களில் தோழர்களின் இடம் எது என்பது கலை ரசனை பற்றிய கேள்வியாக இருக்க இயலாது. விழா நடக்கும் ஆற்றின் நீர் யாருக்குத் திருப்பப்படுகிறது, கரைநிலம் யார் பெயரில் உள்ளது, மீனுக்கும் வனப்பொருளுக்கும் விலை வைப்பவர் யார், கிராம சபையின் கையெழுத்து எப்படிப் பெறப்பட்டது என்று கேட்டறிந்து, அக்கேள்விகளை அம்மக்களோடு சேர்ந்து அமைப்பாக்குவதே அங்குள்ள பணி. கூடவே, அதே ஆற்றை நம்பிய உழவரையும் மீனவரையும் தொழிலாளரையும் எதிரெதிர்க் கரைகளில் நிறுத்தும் சூழ்ச்சியை உடைக்க வேண்டும். 1900ஆம் ஆண்டு ஸ்டீவ்ஸ்டன் துறையிலும், போல்ட் தீர்ப்புக்குப் பிந்தைய வாஷிங்டனிலும் நேர்ந்த பிளவு கற்பிக்கும் பாடம் இது.

கிளமத் ஆற்றில் நான்கு அணைகளும் இன்றில்லை. மேற்படுகையில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை திரும்பிவரச் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் ஆற்றின் நீர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே யூரோக் மக்களின் விழாத் தட்டில் மீன் இருக்கும்.